ஒரு விளையாட்டுப் பொறியின் வாழ்வும் வீழ்வும்

தமிழில் நாணயம் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. வணிகத்துக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. முன்னையது குறைந்தால் கடன் பெற்றேனும் காலந் தள்ளலாம். பின்னையது குறைந்தால் கடன் கொடுப்பாரும் இலர், பொருள் கொள்வாரும் இலர். காசு போட்டால் இயங்கும் விளையாட்டுப் பொறிகளைக் கொண்டு தொழில் தொடங்கி, உலகப் புகழ் எய்தி, ஈற்றில் தான் படைத்தவற்றுள் மிகச் சிறந்ததெனப் பலராலும் போற்றப்பட்ட பொறியோடு அத்தொழிலையே கைவிட நேர்ந்த யப்பானிய நிறுவனம் ஒன்றின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

அந்நிறுவனத்தின் பெயர் சேகா. அப்பொறியின் பெயர் ட்ரீம்காஸ்ட். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, திரையிலே தோன்றும் உருவங்களை விரல் நுனியால் ஆட்டுவித்து விளையாடும் மின்னணுப் பொறி அது. 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விற்பனைக்கு வந்த அதன் உற்பத்தி 2001ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நின்றுபோயிற்று. மூன்றாண்டும் நிரம்பாத அவ்வாழ்வுக்குள் அடங்கிய படிப்பினைகளோ பல.

சேகாவின் மூலத்தைத் தேடிச் செல்வோர் யப்பானை அன்று, பசுபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளையே முதலில் அடைவர். 1940ஆம் ஆண்டில் ஹொனலூலு நகரில், அமெரிக்கப் படைமுகாம்களிலுள்ள போர்வீரரின் பொழுதுபோக்குக்காக, காசு போட்டு விளையாடும் பொறிகளை வழங்கும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. போரின் பின்னர் அதன் வழித்தோன்றலாக அமைந்த சேவிஸ் கேம்ஸ் என்னும் நிறுவனம் யப்பானிலும் கால் பதித்தது. அப்பெயரின் இரு சொற்களினதும் முதலெழுத்துக்கள் சேர்ந்தே சேகா என்னும் பெயர் உண்டாயிற்று. 1965ஆம் ஆண்டில், யப்பானில் தங்கி வணிகஞ் செய்துவந்த டேவிட் ரோசன் என்னும் அமெரிக்கரின் நிறுவனம் இதனோடு இணைந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த பெரிஸ்கோப் என்னும் நீர்மூழ்கி விளையாட்டுப் பொறி பிறநாடுகளிலும் இவர்களுக்குப் பெயர் தேடித் தந்தது.

காசுப் பொறிகளால் வளர்ந்த சேகா, வீடுகளுக்குள்ளும் புக விரும்பியது. 1983ஆம் ஆண்டு யூலை 15ஆந் திகதி தன் முதலாவது வீட்டுப் பொறியை அது விற்பனைக்கு விட்டது. ஊழ்வலி என்று கூறத்தக்க வகையில், நின்ரெண்டோ நிறுவனமும் தன்னுடைய பொறியை அதே நாளிலேயே வெளியிட்டது. நின்ரெண்டோவின் பொறி நாடெங்கும் பரவ, சேகாவினது பின்தங்கியது. ஆயினும் சேகா மனந் தளரவில்லை. 1988ஆம் ஆண்டில் மெகா ட்ரைவ் என்னும் பொறியை யப்பானிலும், அடுத்த ஆண்டில் அதனையே ஜெனெசிஸ் என்னும் பெயரால் அமெரிக்காவிலும் அறிமுகஞ் செய்தது. 1991ஆம் ஆண்டில் சோனிக் என்னும் நீலநிற முள்ளெலியைக் கதைத் தலைவனாகக் கொண்ட விளையாட்டு வெளிவந்ததும், அமெரிக்கச் சிறுவரின் உள்ளம் சேகாவின் பக்கஞ் சாய்ந்தது. உலகெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட மெகா ட்ரைவ் பொறிகள் விற்பனையாயின.

வெற்றியின் உச்சியில் நிற்பவருக்கே சறுக்கலும் மிகுதி. மெகா ட்ரைவின் ஆயுளை நீடிக்கும் பொருட்டு, அதனோடு பொருத்தும் துணைக் கருவிகள் இரண்டைச் சேகா அடுத்தடுத்து விற்றது. அவற்றுள் இரண்டாவதான 32 எக்ஸ் என்னுங் கருவி 1994ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதே மாதத்தில் யப்பானிலே சற்றேண் என்னும் முற்றிலும் புதிய பொறி வெளிவந்துவிட்டது. புதிய பொறி ஒன்று அண்மையில் வரவிருக்கையில் பழையதற்கு ஒட்டுப்போடப் பணங் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டவராகத் தம்மை எண்ணினர். துணைக் கருவிக்கென எழுதப்பட்ட விளையாட்டுக்கள் சில காலத்திலேயே அருகிப்போக, வாங்கிய கருவி அலுமாரியில் தூசி படிந்து கிடந்தது.

இதனினும் பெரிய தவறு 1995ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி நிகழ்ந்தது. சற்றேண் பொறி அமெரிக்காவிற்கு அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலேயே வருமென முன்னர் அறிவிக்கப்பட்டிருந்தது. கடைக்காரரும் விளையாட்டுக்களை ஆக்குவோரும் அத்திகதியை நம்பியே தம் ஒழுங்குகளைச் செய்துவந்தனர். ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த பொருட்காட்சியிலே பேசிய சேகாவின் அமெரிக்கத் தலைவர், பொறி அன்றே தேர்ந்தெடுத்த சில கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டதெனவும், விலை 399 டொலர் எனவும் அறிவித்தார். போட்டியாளரை முந்திக்கொள்ளும் நோக்கத்தோடு யப்பானியத் தலைமையகம் எடுத்த முடிவு அது. அதே நாளில் அதே காட்சியில் சோனி நிறுவனத்தின் சார்பில் மேடையேறியவர், தமது பிளேஸ்டேஷன் பொறியின் விலையை மட்டுமே கூறி இறங்கினார். அவ்விலை 299 டொலர்.

அமெரிக்கச் சந்தையில் அன்று சேகா இழந்தது நூறு டொலர் வேறுபாட்டினால் வந்த விற்பனை மட்டுமன்று. அழைப்புப் பெறாத கடைக்காரர் சினங்கொண்டனர். அவர்களுட் பெரிய நிறுவனம் ஒன்று சேகாவின் பொருள்களைத் தன் தட்டுகளில் வைக்க மறுத்தது. செப்டெம்பர் மாதத்தை நம்பியிருந்த மென்பொருள் ஆக்குவோரின் படைப்புக்கள் ஆயத்தமாக இல்லாமையால், பொறியை அவசரமாக வாங்கியவர்க்கு விளையாடப் போதிய விளையாட்டுக்களும் இருக்கவில்லை. முந்தியோடியவர் வெறுங்கையோடு ஓடினார் என்பதே உண்மை. சற்றேண் உலகெங்கும் ஒரு கோடியையும் எட்டவில்லை; பிளேஸ்டேஷனோ பத்துக் கோடியைத் தாண்டியது. 1998ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சேகா பெருநட்டத்தைக் கணக்கிற் காட்டியது.

இந்நிலையிலேதான் ட்ரீம்காஸ்ட் உருவாயிற்று. அதனை ஆக்கியவர் முன்னைய பிழைகளை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பொறியின் அமைப்பே சாட்சி. சற்றேணுக்கு விளையாட்டு எழுதுதல் மிகக் கடினமென ஆக்குவோர் முறையிட்டிருந்தனர். ஆதலின் ஹிடெக்கி சாட்டோ என்பாரின் தலைமையில் அமைந்த குழுவினர், ஹிட்டாச்சி நிறுவனத்தின் செயலியையும் என். ஈ. சி. நிறுவனம் வழங்கிய சித்திரச் செயலியையும் கொண்டு, எளிதிற் கையாளத்தக்க பொறியொன்றை வகுத்தனர். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தோடு தொடுக்குங் கருவியும் அதனுள்ளேயே பொருத்தப்பட்டது. வெவ்வேறு ஊர்களில் இருப்போர் தத்தம் வீடுகளில் இருந்தபடியே ஒருவரோடொருவர் விளையாட வேண்டும் என்பது அதன் நோக்கம். கனவு, ஒலிபரப்பு என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களை இணைத்து ட்ரீம்காஸ்ட் எனப் பெயரும் இட்டனர்.

1998ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி யப்பானிலே விற்பனை தொடங்கியது. சித்திரச் செயலிகள் போதியளவு கிடையாமையால், வந்த பொறிகள் உடனே தீர்ந்தன. வாங்க வந்தவருட் பலர் வெறுங்கையோடு திரும்பினர். திரும்பியவர் எல்லோரும் மீண்டும் வரவில்லை. ஆயினும் அமெரிக்காவில் தொடக்கம் பெருஞ் சிறப்பாக அமைந்தது. 1999ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், ஒன்பதாம் நாள் என்று எவரும் மறவாத திகதியைத் தெரிந்து, 199 டொலர் என்ற மலிவான விலையில் பொறியை வெளியிட்டனர். விளையாட்டுக்களும் முன்னரே ஆயத்தமாயிருந்தன. முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் 225,132 பொறிகள் விற்றுத் தீர்ந்தன. பொறியும் விளையாட்டுக்களுமாக ஒரே நாளில் 9 கோடியே 84 இலட்சம் டொலர் வரவு கிடைத்தது.

இத்தகைய பொறி ஏன் வீழ்ந்தது என்ற வினா எழுதல் இயல்பே.

இத்தொழிலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். விளக்கை மலிவாகக் கொடுத்து எண்ணெயில் இலாபங் காணும் வணிகனைப் போன்றதே இத்தொழில். பொறியைக் குறைந்த விலைக்கு, சிலவேளை அடக்க விலைக்கும் கீழே, விற்பர். பின்னர் அதற்கென வாங்கப்படும் விளையாட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஊதியம் பெறுவர். ஆகவே முதலிற் பெருநட்டத்தைத் தாங்கும் பொருள்வலி வேண்டும். பிறர் பலரும் அப்பொறிக்கென விளையாட்டுக்களை ஆக்க முன்வரவும் வேண்டும். சேகாவிடம் பொருள்வலி முன்னரே கரைந்துவிட்டது. விளையாட்டு மென்பொருளில் முன்னணியில் நின்ற எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனமோ ட்ரீம்காஸ்டுக்கு எதனையும் ஆக்க இசையவில்லை. இவற்றோடு, 2000ஆம் ஆண்டில் விளையாட்டுத் தட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பிரதி செய்யும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயும் களவு போகத் தொடங்கியபின் விளக்கு வணிகன் என் செய்வான்?

இவ்வேளையிலேதான் சோனியின் இரண்டாவது பிளேஸ்டேஷன் வந்தது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அறிவிக்கப்பட்ட அது 2000ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் திகதி யப்பானிலும், ஒக்டோபர் 26ஆந் திகதி அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. டி. வி. டி. தட்டுகளில் திரைப்படம் பார்க்கும் வசதி அதில் இருந்தது. அதனினும் உற்று நோக்கத்தக்க வசதி ஒன்றும் இருந்தது. முதலாவது பிளேஸ்டேஷனுக்கென வாங்கிய விளையாட்டுக்களைப் புதிய பொறியிலும் விளையாடலாம். முன்னர் கொடுத்த பணம் வீண்போகாது என்னும் உறுதியை அது வாங்குவோர்க்கு அளித்தது. சற்றேணுக்கென வாங்கிய விளையாட்டுக்களோ ட்ரீம்காஸ்டில் இயங்கவில்லை.

அமெரிக்காவில் சோனியின் பொறிக்குப் பெருந் தட்டுப்பாடு நேர்ந்தது. பத்து இலட்சம் வருமென்றிருந்த இடத்தில் ஐந்து இலட்சமே வந்தன. சேகாவின் பொறியோ கடைகளில் 149 டொலருக்குக் கிடைத்தது. அவ்வாறிருந்தும் மக்களுட் பலர் கையில் எட்டியதை வாங்காது, எட்டாததற்காகக் காத்திருந்தனர். 2000ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்காவில் ஐம்பது இலட்சம் பொறிகளை விற்பதெனச் சேகா இலக்கு வகுத்திருந்தது. விற்றவை ஏறத்தாழ முப்பது இலட்சமே. இவ்வீழ்ச்சிக்கு நம்பிக்கைக் குறைவு ஒன்றே காரணமென்று கூறுதல் பொருந்தாது. பொருள்வலியும் திரைப்பட வசதியும் சோனியின் பக்கமே இருந்தன. எனினும் காத்திருக்கத் துணிந்தவரின் மனத்தில், இப்பொறியும் முன்னையவை போல் இடைநடுவிற் கைவிடப்படுமோ என்ற ஐயம் இருந்திருக்குமாயின், அவ்வையத்தை விதைத்தது சேகாவேயன்றிப் பிறரல்லர்.

இவ்வரலாற்றில் மறக்கலாகாத மனிதர் ஒருவர் உண்டு. அவர் இசாவோ ஒகாவா. 1984ஆம் ஆண்டில் சேகாவைத் தமதாக்கிய சி. எஸ். கே. நிறுவனத்தின் நிறுவுநர் அவர். வீட்டுப் பொறிகளை ஆக்குவதைக் கைவிட்டு மென்பொருளோடு அமைதலே நன்று என்பது அவருடைய நெடுநாட் கருத்து. ஆயினும் தம் கருத்துக்கு மாறான முயற்சியென்று கைகட்டி நிற்காது, 1999ஆம் ஆண்டில் சேகாவுக்கு 50 கோடி டொலரைக் கடனாக வழங்கினார். 2000ஆம் ஆண்டில் நிறுவனத்தின் தலைவர் பொறுப்பையும் ஏற்றார்.

2001ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி, ட்ரீம்காஸ்டின் உற்பத்தி மார்ச் மாத இறுதியோடு நிறுத்தப்படுமெனச் சேகா அறிவித்தது. தேங்கிய பொறிகள் 99 டொலருக்கு விற்கப்பட்டன. தோக்கியோவிற் பணிபுரிந்தோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வேலையிழந்தனர். இரவு பகலாகப் பொறியை உருவாக்கியவரும் அதற்கென விளையாட்டுக்களை எழுதியவரும் செய்த தவறு யாது? மேலிடத்தார் முன்னர் மீறிய வாக்கின் கடனை, பின்னர் நேர்மையாய் உழைத்தவர் அடைக்க வேண்டியதாயிற்று. வணிக வீழ்ச்சிகளிற் காணப்படும் பெருங் கொடுமை இதுவே.

அவ்வாண்டு மார்ச் 16ஆந் திகதி, உற்பத்தி நிற்பதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், ஒகாவா தமது எழுபத்துநான்காம் வயதிற் காலமானார். சேகா தமக்குத் தரவேண்டிய கடனை அவர் தள்ளுபடி செய்ததோடு, 69 கோடியே 50 இலட்சம் டொலர் பெறுமதியான தம் பங்குகளையும் நிறுவனத்துக்கே அளித்துவிட்டார். அம்மாத முடிவில் நிறைவெய்திய நிதியாண்டிற் சேகாவின் நட்டம் 5,170 கோடி யென்னாக இருந்தது. ஒகாவாவின் கொடை இல்லையேல், பொறியோடு நிறுவனமும் மறைந்திருக்கக் கூடும்.

அவர் நெடுநாட் கூறிவந்த வழியிலேயே சேகா பின்னர் நடந்தது. பிறர் பொறிகளுக்கு விளையாட்டுக்களை ஆக்கும் நிறுவனமாக அது மாறிற்று. 2001ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே சோனிக் முள்ளெலி நின்ரெண்டோவின் பொறிகளில் ஓடியது. 1983ஆம் ஆண்டில் ஒரே நாளில் களமிறங்கிய பகைவர் இருவருள் ஒருவர் மற்றவர் வீட்டில் விருந்தினரானார். 2003ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்த நிதியாண்டிற் சேகா மீண்டும் இலாபங் கண்டது. 2004ஆம் ஆண்டிற் சம்மி நிறுவனத்தோடு இணைந்தது.

ட்ரீம்காஸ்ட் மொத்தமாக ஏறத்தாழ 91 இலட்சம் மட்டுமே விற்பனையாயிற்று. அதனை வென்ற இரண்டாவது பிளேஸ்டேஷன் 15 கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. எண்ணிக்கை கொண்டு அளந்தால் இது படுதோல்வி. ஆனால் வீட்டிலுள்ள பொறியை இணையத்தோடு தொடுத்துத் தொலைவிலுள்ளவரோடு கூடி விளையாடும் வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியபோது, அவ்வழியில் முன்னே நடந்த பொறி எதுவென்பதைப் பலரும் நினைவுகூர்ந்தனர்.

கடைத்தெருவில் விலைபோவது பொருள் மட்டுமன்று. அதனை விற்பவரின் சொல்லும் உடன் விலைபோகின்றது. நல்ல பொருளை ஆக்கச் சில ஆண்டுகள் போதும். சொல்லுக்கு ஒருமுறை மதிப்புக் குன்றியபின் அதனை மீட்டெடுப்பதற்கோ, ட்ரீம்காஸ்டுக்குக் கிடைத்த காலம் போதவில்லை. காசென்னும் நாணயத்தால் வளர்ந்த நிறுவனத்துக்கு மற்றைய நாணயத்தின் அருமையை உணர்த்தியது அந்தச் சின்னஞ்சிறு வெண்ணிறப் பொறியே.