பதம் கண்டவர் யார்? குழந்தையின் அரூப ஓவியமும் உரிமைக் கேள்வியும்

சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையின் கடைவாயில் பால் வழிவதைக் கண்ட தந்தை சிவபாதவிருதயர், சிறு கோலை ஓங்கி, யார் கொடுத்த பாலைக் குடித்தாய் என்று அதட்டினார் என்கிறது பெரியபுராணம். பிள்ளை கோயிலை நோக்கி விரலை நீட்டிப் பதிகம் பாடியது. பக்திக்காக இந்தக் காட்சியை இங்கே எடுக்கவில்லை. தந்தை பாலின் மூலத்தை விசாரித்தார். பாட்டின் மூலத்தை விசாரிக்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. பாட்டு அவர் கண்ணெதிரே, பிள்ளையின் வாயிலிருந்தே பிறந்தது.

நம் மரபில் பால மேதைகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்திருக்கிறார்கள்: சபையில், பலர் பார்க்க. 1969இல் பிறந்த மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் பன்னிரண்டு வயதளவில் சென்னை மேடையேறியபோது, மாண்டலினில் கருநாடக இசை பேசுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். வாசிப்பது அந்தப் பையன்தானா என்று ஐயுற்றவர் ஒருவரும் இல்லை. அரங்கேற்றம் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. ஓவியத்துக்கு அப்படிப்பட்ட அரங்கேற்றம் கிடையாது. அது வீட்டில் பிறக்கிறது, நம்மிடம் வரும்போது காய்ந்துவிட்டிருக்கிறது. அதிலும் அரூப ஓவியமானால், வயதை மீறிய திறம் எது, வயதுக்குரிய கிறுக்கல் எது என்று பிரிக்கும் அளவுகோலும் நழுவிவிடுகிறது.

அமெரிக்காவின் பிங்கம்டன் நகரத்து மார்லா ஓம்ஸ்டெட்டின் கதை இந்த நழுவலின் கதை. 2004இல், நான்கு வயதில், அவளுடைய பெரிய அரூப ஓவியங்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. 2005 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, பெற்றோரின் இசைவோடு வீட்டில் மறைகேமரா வைத்து, ஓர் ஓவியம் உருவாவதைப் பதிவு செய்தது. முதலில் ஓவியங்களைப் பார்த்து வியந்த உளவியலாளர் எல்லன் வின்னர், அந்தப் பதிவைப் பார்த்ததும், இது எந்தக் குழந்தையும் செய்வதுதான் என்றார். தந்தை இடையிடையே குறிப்புச் சொல்வதும் பதிவில் கேட்டது. பெற்றோர் மறுத்தார்கள், மகள் தீட்டும் வேறொரு பதிவைத் தாங்களே வெளியிட்டார்கள். 2007இல் அமீர் பார்-லெவ் எடுத்த ஆவணப்படமும் தீர்ப்புச் சொல்லாமலேயே முடிகிறது. எனக்குக் குற்றமாகப் படுவது, விவாதம் முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றியதுதான்: தூரிகையைப் பிடித்தது யார் கை? ஆவணத்தில் கைநாட்டுப் பார்ப்பதுபோல் ஓவியத்தைப் பார்த்தார்கள். அரூப ஓவியத்தில் கையைவிடப் பெரிய செயல் ஒன்று உண்டு. அதைச் செய்தது யார் என்று பெரும்பாலும் கேட்கப்படவில்லை.

அது என்னவென்று அறிய மலேசியாவின் கேமரன் மலையின் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனால் போதும். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்த மலை இது. 1929இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலையைத் திருத்தித் தேயிலையை வளர்த்ததில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. இன்று பறிக்கும் கைகள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவை. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விரித்து வைக்கிறார்கள். பச்சை செம்பாகிறது, மணம் மாறுகிறது. தொழிற்சாலையில் இதை நொதித்தல் என்பார்கள். உண்மையில் இதில் நுண்ணுயிரிக்கு வேலையில்லை. இலைச்சாறு காற்றோடு சேரும் வினைதான். கொஞ்சம் முந்தினால் சாயம் பச்சை வாடையடிக்கும், கொஞ்சம் பிந்தினால் சப்பென்றாகும். நிறத்தையும் மணத்தையும் பார்த்து, இதோ போதும், உலர்த்தியில் போடு என்று ஒருவர் சொல்கிறார். அவர் கொழுந்து பறித்தவர் அல்லர். ஆனால் அது கறுப்புத் தேயிலை ஆவது அவர் நிறுத்திய கணத்தில். தமிழில் இதற்குப் பதம் என்ற சொல் இருக்கிறது. பாகு காய்ச்சுகிறவரும் மண் பிசைகிற குயவரும் அறிந்த சொல்.

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியத்தின் பதம் நன்றாகத் தெரியும். நான்கு வயதுப் பிள்ளையிடம் வண்ணமும் தாளும் கொடுத்தால், ஒரு கட்டத்தில் தாளில் மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். பார்க்கவே அழகாக இருக்கும். பிள்ளை அதோடு நிறுத்தாது. இன்னும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் கலந்து சேற்று நிறமாகும், பிறகு தாள் கிழியும். பிள்ளைக்கு அது தோல்வி இல்லை. வண்ணத்தைக் குழைப்பதே அதன் ஆட்டம். அழகான கட்டத்தில் தாளை உருவி எடுத்துச் சுவரில் ஒட்டுவது ஆசிரியை. அந்த ஓவியத்தை ஆக்கியவர் யார்? வண்ணம் முழுவதும் பிள்ளையுடையது, ஒரு கோடுகூடப் பெரியவர் போட்டதில்லை. ஆனால் சேறாகாமல் அது ஓவியமாக நின்றது பெரியவரால். மறைகேமரா இதைப் பிடித்தாலும் குற்றமாகக் காட்டாது, ஏனென்றால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2003இல் உஜ்ஜயினியின் காளிதாச அகாதமியில் 11 மாதக் குழந்தையின் தனிக் கண்காட்சி நடந்து கின்னஸ் ஏட்டில் ஏறியது. அந்த வயதில் தாளை எடுக்கும் முடிவு யாருடையது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

மனிதக் குழந்தையைவிட ஒரு குரங்கு இந்த இடத்தில் தெளிவான சாட்சி சொல்கிறது. டெஸ்மண்ட் மோரிஸ் 1950களில் லண்டனில் ஆராய்ந்த காங்கோ என்ற சிம்பன்சி, முடிப்பதற்குள் தாளை எடுத்தால் அலறி ஆர்ப்பரிக்கும். முடிந்ததும் தூரிகையை நீட்டினாலும் தொடாது. 2005இல் அதன் மூன்று ஓவியங்கள் லண்டன் ஏலத்தில் 14,400 பவுண்டுக்குப் போனதை நகைச்சுவையாகச் சொல்பவர்கள் இந்தச் செய்தியை விட்டுவிடுகிறார்கள். காங்கோவுக்கு ஏதோ ஒரு பதம் தெரிந்திருந்தது. அந்த அளவில், பெரியவர் தாளை உருவிய குழந்தையைவிடக் காங்கோவே தன் ஓவியத்துக்கு உரியது என்று வாதாட இடமிருக்கிறது. கசப்பான முடிவுதான், தவிர்க்க வழி தெரியவில்லை.

ஏஞ்சலினா ஹாலி-டோலனும் அதே எல்லன் வின்னரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்துக்கு எதிராக வைக்கப்படலாம். புகழ்பெற்ற அரூப ஓவியரின் படத்தையும் குழந்தை அல்லது விலங்கின் படத்தையும் இணை இணையாகக் காட்டியபோது, பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியிருந்தும் மாணவர்கள் தற்செயலை மிஞ்சிய அளவில் ஓவியரின் படத்தையே சிறந்ததாகத் தேர்ந்தார்கள். என் பிள்ளையே இதைப் போட்டுவிடும் என்ற பழைய ஏளனத்துக்கு இது நல்ல பதில். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அவர்கள் தவறினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்தத் தவறுகளை வெறும் பிழையாகத் தள்ள மனம் வரவில்லை. ஒப்பிடக் கிடைத்த ஒவ்வொரு குழந்தைப் படமும் யாரோ எடுத்து வைத்ததால் மிஞ்சிய படம். சேறானவை ஒப்பீட்டுக்கு வரவே இல்லை. மாணவர்கள் தவறிய இடங்களில் எதிரே நின்றது குழந்தையின் கையும் பெரியவரின் கண்ணும் சேர்ந்த கூட்டு வேலையாக இருந்திருக்கலாம்.

மலேசியாவின் உண்மையான ஓவியப் பால மேதையை நினைத்தால் இது இன்னும் துலங்கும். 1941இல் நெகிரி செம்பிலானின் லெங்கெங்கில் பிறந்த லத்தீஃப் மொஹிதீன், 1951இல் சிங்கப்பூரின் கோத்தா ராஜா மலாய்ப் பள்ளியில் முதல் கண்காட்சி வைத்து அதிசயச் சிறுவன் என்று பெயர் வாங்கினார். அரூபத்தை நெருங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து, 1960களில் பெர்லினில் பயின்ற பின், பாகோ-பாகோ வரிசையில். கொச்சியின் எட்மண்ட் தாமஸ் கிளின்ட் 1976இல் பிறந்து, ஏழு வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில் 1983இல் சிறுநீரக நோயால் இறந்தான். சுமார் 25,000 படங்களை விட்டுச் சென்றான் என்பார்கள். தெய்யமும் யானையும் திருவிழாவும் அவற்றில் அடையாளம் தெரிய நிற்கின்றன. இந்த இருவர் மீதும் மார்லா மீது விழுந்த வகை ஐயம் விழவில்லை. யானை யானையாக வந்ததும் நிறுத்தலாம் என்பதைச் சிறுவனே அறிவான்; பதத்தை உருவமே சொல்லிவிடுகிறது. உருவம் விலகியதும் அந்தச் சாட்சி போய்விடுகிறது. அரூப ஓவியம் செல்வாக்குப் பெற்ற பிறகே நான்கு வயது ஓவிய மேதை என்ற வகை சந்தையில் சாத்தியமானது. மார்லாவை நம்ப முடியாமல் போனதும் அதனால்தான்.

தேர்வதும் நிறுத்துவதும் ஆக்கமே என்றால், பெரியவர் ஏன் அதை ஒளிக்க வேண்டும்? ஒளிக்காதவர்கள் மலேசியாவிலேயே இருந்தார்கள். பகாங்கின் குவாந்தானில் பிறந்த ரெட்சா பியாதாசாவும் சுலைமான் ஈசாவும் 1974இல் கோலாலம்பூரின் டேவான் பகாசா டான் புஸ்தாக்காவில் பாதி குடித்த கோக்க கோலா போத்தல்களையும், பறவையைத் திறந்துவிட்ட வெறுங்கூண்டையும் கலைப்படைப்பாக வைத்தார்கள். பறவை எத்தனை மணிக்கு விடப்பட்டது என்பது தலைப்பிலேயே நிமிடக் கணக்காக இருந்தது. போத்தலைத் தாங்கள் செய்ததாக அவர்கள் சொல்லவில்லை, தேர்ந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கண்காட்சி பிடித்தவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. போலி என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் அங்கே வேலை இல்லை. குழந்தையின் ஓவியத்தை விற்கும் பெற்றோரிடமும் காட்சிக்கூடத்திடமும் இந்த அளவு வெளிப்படைத்தன்மையைக் கேட்பது மிகையாகாது.

தோட்ட லயத்து வாசலில் தாயோடு குனிந்து கோலம் போடும் சிறுமியிடம் இந்தக் கேள்வி எழாதது கவனத்துக்குரியது. சிக்குக் கோலமும் அரூபம்தான். பூவோ மயிலோ அதில் இல்லை. ஆனால் இழை தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்தால் முடிந்தது, வராவிட்டால் பிழை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியாலும் உடன் ஆய்ந்தவர்களாலும் 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுத முடிந்தது இந்த ஒழுங்கால்தான். பதம் கோலத்துக்குள்ளேயே இருக்கிறது. தாய் சொல்லிக் கொடுத்தாலும் கையைப் பிடித்தாலும் யாரும் போலி என்பதில்லை. தெருவே பார்த்திருக்க நடக்கும் அரங்கேற்றம் அது.

பள்ளிப் போட்டிக்குப் போகும் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் பெயர், வயது, ஆண்டு, பள்ளி என்று நான்கு வரி எழுதுவது வழக்கம். ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கலாம்: இதோடு போதும் என்று சொன்னது யார்? மாணவர் என்றோ ஆசிரியர் என்றோ அம்மா என்றோ எழுதினால் போதும். எந்த விடைக்கும் மதிப்பெண் குறைக்கத் தேவையில்லை.