புரவலன் இல்லா ஆற்றுப்படை

கலைஞனின் வயிற்றையும் நினைத்துத் தமிழ் படைத்துக்கொண்ட துறை ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நிறுத்தித் தான் சென்ற வழியையும் வள்ளலின் ஊரையும் எடுத்துரைப்பது அதன் இயல்பு. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகிய நால்வரையும் தொல்காப்பியம் இத்துறைக்கு உரியவராகச் சுட்டும். யாழ் மீட்டக் கற்றவனுக்கு யாழ் மட்டும் போதாது, அதனை எடுத்துக்கொண்டு நடக்க ஒரு வழியும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வள்ளல்கள் மறைந்துவிட்ட காலத்தில் அவ்வழியைக் காட்டும் பொறுப்பு யாருடையது? சென்னை ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஒருவர் இவ்வினாவுக்கு அளித்த விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறையும் தனிக்கலைஞனும்

1850-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அது அரசின் பொறுப்பிற்கு வந்தது. வரைதல், வனைதல், வார்த்தல் முதலிய கைத்தொழில்களில் தேர்ந்தவர்களை உருவாக்குவதே அப்பள்ளியின் தொடக்க கால நோக்கமாக இருந்தது. கற்ற தொழிலே பிழைப்புமாக அமைந்த அந்நாளில், கல்வி முடிந்தபின் என் செய்வது என்னும் வினா கூர்மை பெறவில்லை.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைப் பொறுப்பை ஏற்றபின் நிலைமை மாறியது. அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவரும் அவரே. அவர் காலத்தில் பட்டறை சற்றுப் பின்னகர, தன் உள்ளத்தைத் தன் தூரிகையால் உரைக்கும் தனிக்கலைஞன் முன்வந்தான். கலை வளர்ச்சி நோக்கில் இது பெரும் பேறு. ஆனால் அத்தகைய கலைஞனின் படத்தை விலை கொடுத்து வாங்குவோர் சென்னையில் மிகச் சிலரே இருந்தனர். சான்றிதழோடு வெளியேறிய மாணவன் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியனாகலாம்; திரைப்படத் துறைக்கோ விளம்பர நிறுவனத்திற்கோ செல்லலாம். அவற்றுள் இழிவானது எதுவுமில்லை. எனினும் பகலெல்லாம் பிறர் விருப்பத்திற்கு வரைந்த கை, இரவில் தன் விருப்பத்திற்கு வரைய எழுவது அரிது. பயிற்சி வளர்ந்த அளவிற்கு வழி வளரவில்லை.

பணிக்கர் கண்ட வழி

இச்சிக்கலைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், குடும்பச் சுமையின் காரணமாக முதலில் தந்தித் துறையில் பணியாற்றினார். இருபத்தைந்தாம் வயதில்தான் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் ராய் சௌத்ரியை அடுத்து முதல்வரானார். பிழைப்புக்கான வேலை ஒருவனின் ஆண்டுகளை எவ்வாறு உண்ணும் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர் அவர்.

1944-இல் அவர் முன்னின்று தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம், இளைஞர்களின் படங்களைப் பொதுமக்கள் முன் வைக்க வழி செய்தது. கண்காட்சி பெயரைத் தரும்; சோறு தருவதில்லை. அறுபதுகளின் முற்பகுதியில் பணிக்கரும் மாணவர்களும் வேறொரு வழியை நாடினர். மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வாறு திரட்டிய பொருளைக்கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், 10 ஏக்கருக்கு உட்பட்ட கடலோர மணல் நிலத்தை வாங்கினர். 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்த பெயர், ஓவியர்களால் தன் பழைய உருவை மீண்டும் பெற்றது.

முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இம்முயற்சியில் இணைந்தனர். நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கும் எஞ்சிய பகுதியைத் தம் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் ஒதுக்குவது அவர்கள் கண்ட நெறி. இதன் நுட்பம் கருதத்தக்கது. கைவினையைக் கலைக்குத் தாழ்ந்ததாக எண்ணும் மனப்போக்கு படித்த ஓவியரிடையே வேரூன்றியிருந்தது. அப்பள்ளியின் தொடக்கமே கைவினைதான் என்பதை மறவாத பணிக்கர், பழைய பட்டறையைப் புதிய ஓவியனுக்குக் காவலாக்கினார். பத்திக் துணி அடுப்பை எரியச் செய்தது. ஆகவே ஓவியம் எவருக்கும் அடிபணிய வேண்டியதில்லை. சங்க காலப் பாணன் வள்ளலின் வாயிலை நோக்கி வழிகாட்டினான். பணிக்கரோ மாணவரின் கைகளை நோக்கியே வழிகாட்டினார். புரவலன் இல்லா ஆற்றுப்படை என இதனை அழைப்பது இதனாலேதான்.

அவ்வழி வீண்போகவில்லை. எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே.வி. ஹரிதாசன், எஸ். நந்தகோபால் முதலியோர் அங்கிருந்து அறியப்பட்டனர். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிசு வரை சென்றனர். பணிக்கர் 1977-இல் மறைந்தபின்னும் அக்கிராமம் கலைந்துவிடவில்லை. 2009-இல் அங்கு அமைந்த அருங்காட்சியகம் சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது.

மற்றொரு வழி

ஒரே வழியே அனைவருக்கும் பொருந்தும் என்பதில்லை. கீரம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஆதிமூலம், சிற்பி தனபாலின் வழிகாட்டுதலால் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்கள் பெரும் மதிப்பைப் பெற்றன. கையில் காசில்லாத சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் வரைந்த படங்களும் அட்டைகளும் தமிழ்ப் பதிப்பின் முகத்தையே மாற்றின. நெசவுக்கு வடிவம் தந்த வேலை அவருடைய வாழ்வைத் தாங்கியது. அவரோ நம் கவிதைக்கு முகம் தந்தார். நம்மில் பலர் தம் முதல் தொகுப்பின் அட்டைக்கு ஓர் ஓவியரை நாடியவர்களே. அவ்வோவியர் எதனைக்கொண்டு வாழ்கிறார் என எத்தனை பேர் வினவினோம்?

வழி எட்டாதவர்கள்

வெற்றிகளை மட்டும் உரைத்தால் வரலாறு புகழ்ச்சியாகிவிடும். கனவுலகக் கோட்டைகளையும் விந்தை விலங்குகளையும் நுண்கோடுகளால் வரைந்த கே. ராமானுஜம், பணிக்கரின் பரிவால் சோழமண்டலத்தில் இடம் பெற்றவர். மனநோயின் துன்பத்தில் வாழ்ந்த அவர், 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடிலும் தொழிலும் தோழரும் இருந்தும் ஓருள்ளத்தின் தனிமை தீரவில்லை. ஆசிரியரின் அன்பு பெரிது. அதற்கும் எல்லை உண்டு.

அக்கிராமத்தில் அர்னவாஸ், அனிலா ஜேக்கப் முதலிய பெண்களும் இயங்கினர். ஆயினும் எண்ணிக்கையில் அவர்கள் சிலரே. பொன்னானிப் பகுதியிலிருந்து வந்து சென்னையில் பயின்ற டி.கே. பத்மினி, பணிக்கரின் ஊக்கத்தைப் பெற்ற ஓவியர். 1969-இல் மகப்பேற்றின்போது மறைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பெண் கலைஞரின் வழியில் குறுக்கிடுவன வறுமை மட்டுமல்ல என்பதற்கு அவ்வாழ்வே சான்று. புறநானூற்றில் விறலியாற்றுப்படை எனத் தனித்துறையே உண்டு. விறலிக்கும் வழி சொல்ல வேண்டும் என்று கருதிய மரபு நம்முடையது. அம்மரபை இக்காலத்திற்கு உரியதாக்கும் பணி இன்னும் நிறைவுறவில்லை.

நம் கடன்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி நன்றாக வரைவாள், கவிதையும் எழுதுவாள். துறை மலருக்கு அவளே படங்கள் வரைந்தாள். அனைவர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டினேன். கல்லூரியின் இறுதி நாளில், "அம்மா, இதற்குமேல் நான் எங்கே போக வேண்டும்?" எனக் கேட்டாள். "விடாமல் வரைந்துகொண்டிரு" என்றேன். அது வாழ்த்தே அன்றி வழியன்று என்பதை, அவள் வரைவதை விட்டுவிட்டாள் எனக் கேள்வியுற்ற நாளில் உணர்ந்தேன்.

நன்னூல் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறும். நான்கும் நின்ற இடத்தில் நிற்பவை. ஆற்றுப்படை கூறும் பாணனோ எதிர்வந்தவனின் பசியைக் கண்டு நின்று, வழியை அடையாளங்களோடு சொல்பவன். எந்த இடத்தில் காடு, எந்த ஊரில் சோறு என்பதையும் அவன் விடுவதில்லை. பணிக்கரிடம் இவ்விரு இயல்பும் ஒருங்கே அமைந்திருந்தன.

நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. இளங்கவிஞரை மேடையேற்றினோம், கைதட்டினோம். இனி அவர்களை அச்சகத்திற்கும் பதிப்பாளரிடமும் அழைத்துச் செல்வோம். நம் மலர்களுக்கு வரையும் மாணவருக்கு வாழ்த்தோடு ஊதியமும் அளிப்போம். பதினோராம் ஆண்டில் நம் வாயிலுக்கு ஒரு மாணவி வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்பாளாயின், அவளுக்குச் சொல்ல நம்மிடம் ஓர் ஊரின் பெயராவது இருத்தல் வேண்டும்.