இரைப்பை அறுவைக்குப் பின் உணவு: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமத்துக்குத் திரும்புபவருக்கு வீட்டில் முதலில் கிடைப்பது நொய்க்கஞ்சி. ஊர் வழக்கில் அதுவே பத்தியம். கூடவே குளுக்கோஸ் தண்ணீர், பார்க்க வருபவர்கள் வாங்கிவரும் பழச்சாறு, சர்க்கரை தூக்கலாகப் பால். முதல் சில நாட்களுக்கு நீர்த்த உணவு பொருந்தும். அது மாதக்கணக்கில் நீடித்தால், அன்போடு தரும் உணவே நோயாளியை உருக்கிவிடும் என்பது என் வாதம்.

இரைப்பை என்பது உணவைத் தேக்கிச் சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்கு அனுப்பும் உறுப்பு. அதை அகற்றிய பின் இனிப்பும் நீருமான உணவு ஒரே மூச்சில் குடலில் இறங்குகிறது; உடல் நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. அரை மணிக்குள் வயிற்றுவலி, படபடப்பு, வியர்வை, பேதி. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம். ‘சாப்பிட்டாலே ஒத்துக்கல’ என்று நோயாளி சாப்பாட்டைக் குறைக்கிறார். வீட்டார் கஞ்சியை இன்னும் நீர்க்கக் கரைக்கிறார்கள்.

கணக்கையும் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ளவருக்கு அறுவைக்குப் பிந்தைய காலத்தில் நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். 50 கிராம் நொய்யில் காய்ச்சிய ஒரு வேளைக் கஞ்சியில் இருப்பது ஏறத்தாழ 4 கிராம். நான்கு வேளை குடித்தாலும் 16. ரேஷனில் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு. நால்வர் உள்ள வீட்டில் ஒருவர் பங்கு நாளைக்கு 8 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. புரத மாவு டின் வாங்கித்தான் இதை ஈடுகட்ட வேண்டும் என்பதில்லை. இரண்டு முட்டை, அரை லிட்டர் பாலில் உறைய வைத்த தயிர், 60 கிராம் பருப்பு, 50 கிராம் பொட்டுக்கடலை, இட்லிக்கும் குழைந்த சோற்றுக்குமாக 150 கிராம் அரிசி: இவை சேர்ந்தால் 60 கிராமைத் தொடும். ஆனால் ஆறு வேளையாகப் பிரித்து, மென்று, இனிப்பில்லாமல் உண்ண வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடிக்க வேண்டும். சோற்றுக்கு நடுவே செம்பைத் தூக்கிக் குடித்துப் பழகியவருக்கு இந்தக் கடைசி விதிதான் பெரும்பாடு.

இந்த அறுவை புதிதல்ல: வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக அகற்றியது 1881-இல். இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே, காஞ்சிபுரம் காரப்பேட்டையில், உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969-இல் மறைந்த அண்ணாவின் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வீடு திரும்பிய பின் தட்டில் விழுவதற்குப் பொறுப்பேற்கத்தான் ஆள் இல்லை. காசநோயாளிக்கு 2018 முதல் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் மத்திய அரசு தருகிறது. மெலிந்த உடல் மருந்தைத் தாங்காது என்ற நியாயம் கீமோதெரபிக்கும் பொருந்தும். எடை வெகுவாகக் குறைந்தவர்களால் பல நேரம் அதை முழுமையாக முடிக்க முடிவதில்லை.

காசநோயில் குறை பெரும்பாலும் வறுமையால் வருவது, இங்கே உடலமைப்பே மாறிவிட்டது, எனவே பணம் மட்டும் தீர்வாகாது என்று மறுக்கலாம். மறுப்பு சரியானது. அதனாலேயே பணத்தோடு எடை பார்க்கவும் சமையலறைவரை வந்து சொல்லவும் ஓர் ஆள் தேவை என்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு ஏற்கெனவே வாசலுக்கு வருகிறது. வலிநிவாரணச் சிகிச்சையும் அதில் உண்டு. அத்திட்டத்தின் பதிவேட்டில் இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

உணவைப் போலவே வைட்டமின் பி12-ஐயும் மறக்கக் கூடாது. இரைப்பை முழுதும் போனால் உணவிலுள்ள பி12-ஐ உடல் ஏற்க முடியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளிப்பட ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அதற்குள் மருத்துவமனைக்குப் போய்வருவது குறைந்திருக்கும். கால் மரத்துப்போவதை வயதின் மேலோ சர்க்கரையின் மேலோ போட்டுவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே போடலாம். அறுவையின் பெயரும் ஊசிக்கான தேதிகளும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் இருந்தால் போதும்.

ஆறு வேளை உணவு என்பது சமைப்பவரின் நேரத்தையும் கேட்கிறது. நடவிலும் களையெடுப்பிலும் காலையில் போய் மதியம் திரும்பும் பெண்ணே நோயாளியாகவும் இருந்தால், அவிச்ச முட்டையும் இரண்டு இட்லியும் தூக்கில் எடுத்துப்போகச் சொல்லி, பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து சாப்பிட விடுமாறு வேலை தருபவரிடமும் யாராவது பேசியாக வேண்டும்.