பனியில் தொலைந்தவர்கள் – 3: கனவுக்கு ஒரு கையெழுத்து

1975 டிசம்பர். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கின் போலீஸ் பிடியில் இருந்த எர்லா போல்லாடோட்டிருக்கு வயது இருபது. அவர்மீது இருந்தது கொலைப் புகார் அல்ல, பண மோசடிப் புகார். தபால், தொலைபேசித் துறையை ஏமாற்றிப் பணம் எடுத்த வழக்கு. காதலர் சேவார் சீசியெல்ஸ்கியும் உள்ளே இருந்தார். வீட்டிலோ மூன்று மாதம்கூட நிறையாத கைக்குழந்தை. மோசடியை ஒப்புக்கொண்டாயிற்று, இனி விட்டுவிடுவார்கள் என்று எர்லா நினைத்த நேரத்தில், அதிகாரிகள் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரைச் சொன்னார்கள்: குட்முண்டூர் எய்னார்சன்.

சென்ற வாரங்களில் பார்த்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1974 ஜனவரியில் ஒரு நள்ளிரவு. ஹாப்னார்ஃபியோர்துரில் நடன நிகழ்ச்சி முடிந்து, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு நடந்தே கிளம்பினான் 18 வயது குட்முண்டூர். பனிப்புயல் அடித்தது. அவன் வீடு போய்ச் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 19 இரவு, கெப்லவிக் ஊரில் 32 வயது கட்டடத் தொழிலாளி கெய்ர்ஃபின்னூர் எய்னார்சனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. துறைமுகத்துக் கடைப் பக்கம் காரில் போனார். கார் கிடைத்தது, சாவி அதிலேயே தொங்கியது. ஆள் இல்லை. ‘எய்னார்சன்’ என்று இருக்கிறதே, அண்ணன் தம்பியா என்று கேட்காதீர்கள். நம் இனிஷியல் மாதிரி, அது அப்பா பெயர். இருவருக்கும் எந்த உறவும் கிடையாது.

குட்முண்டூர் காணாமல்போன இரவு எங்கே இருந்தாய் என்று எர்லாவைக் கேட்டார்கள். தனியாக வீட்டில் தூங்கியதாகவும், ஜன்னலுக்கு வெளியே யாரோ கிசுகிசுப்பதுபோல் கெட்ட கனவு கண்டதாகவும் சொன்னார். பிடித்துக்கொண்டார்கள். அது கனவாக இல்லாமல் இருந்தால்? தாங்க முடியாத எதையோ பார்த்துவிட்டு மனம் அதை மறைத்துவிட்டிருந்தால்? தனி அறை, தூக்கமின்மை, குழந்தையின் நினைப்பு எல்லாம் சேர்ந்து அவரை அழுத்தின. கேள்விகள் நீள நீள, கனவில் கேட்ட குரல்களுக்கு முகங்கள் வந்தன. காதலர் வந்தார், அவருடைய நண்பர்கள் வந்தார்கள், துணியில் சுற்றிய ஓர் உடலும் வந்தது. வாக்குமூலத்தில் எர்லா கையெழுத்திட்டார். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். உடலை எங்கே புதைத்தீர்கள் என்றதும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைவெளியைக் காட்டினார்கள். தோண்டினார்கள், ஒன்றுமில்லை. வேறு இடம் சொன்னார்கள். அங்கும் இல்லை.

ஐஸ்லாந்தின் துப்பறியும் நாவலாசிரியர் ஆர்னால்டூர் இந்த்ரிதாசனைப் படித்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். அவருடைய துப்பறிவாளர் எர்லெண்டூர், சிறு வயதில் பனிப்புயலில் தம்பியைத் தொலைத்தவர். அந்த நாவல்களில் முதலில் எலும்பு கிடைக்கும். ஒன்றில் வீடு கட்டும் இடத்தில், இன்னொன்றில் நீர் வற்றிய ஏரியில். அதைப் பிடித்துக்கொண்டுதான் எர்லெண்டூர் பல பத்தாண்டு பின்னோக்கிப் போவார். ரெய்க்யவிக் போலீஸ் செய்தது நேர்தலைகீழ். கதையை முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டு, எலும்பைத் தேடிக் கிளம்பினார்கள்.

1976 ஜனவரியில் கெய்ர்ஃபின்னூர் வழக்கையும் இதே இளைஞர்கள் பக்கம் திருப்பினார்கள். விசாரணையில் புதிதாக நான்கு பெயர்கள் வந்தன. அந்த நால்வரும் மூன்று மாதத்துக்கும் மேல் காவலில் கிடந்தார்கள். குற்றத்துக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். பொய் வாக்குமூலம் எப்படி உருவாகிறது என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து ஓய்வுபெற்ற துப்பறிவாளர் கார்ல் ஷுட்ஸை வரவழைத்தார்கள். 1977 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, வழக்கு தீர்ந்தது என்று அறிவித்தார்கள். உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

கைதானவர்களில் ட்ரிக்வி ரூனார் லெய்ஃப்சன் என்பவரைத் தனிமைச் சிறையில் வைத்திருந்தது 655 நாட்கள். அந்த அறையில் அவர் நாட்குறிப்பு எழுதினார். 2009இல் அவர் இறந்தார். அந்த நோட்டுகள் 2011இல்தான் பொதுவெளிக்கு வந்தன. அவற்றைப் படித்தவர்களில் ஒருவர், பொய் வாக்குமூலங்களை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்ற உளவியலாளர் கிஸ்லி குட்யோன்சன். அவரும் ஐஸ்லாந்துக்காரர்தான்.

அவர் அதில் என்ன கண்டார்? அடுத்த வாரம்.

(தொடரும்)