மந்து என்னும் சொல்லும் பச்சைப்புழுவும்

தெலுங்குப் பேச்சுவழக்கில் பூச்சிக்கொல்லியை 'மந்து' என்பர். தமிழின் 'மருந்து' என்பதும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மருந்து என்றதும், நோய் தீராவிடில் அளவைக் கூட்டவேண்டும் என்னும் எண்ணமும் உடன்வருகிறது. 1987-88 பருத்திப் பருவத்தில் கடலோர ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் அந்த எண்ணம் பொய்த்தது.

1980களின் தொடக்கத்தில் அறிமுகமான செயற்கைப் பைரித்ராய்டுகள் சில ஆண்டுகள் காய்ப்புழுவை எளிதில் அடக்கின. அப்பருவத்திலோ, மீண்டும் மீண்டும் தெளித்தும் புழு மடியவில்லை. விளைச்சல் அழிந்தது. கடன்பட்ட உழவர் பலர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

தெளிப்பு தோற்கக் காரணங்கள் பல. மருந்து கலப்படமாக இருக்கலாம். புழு காய்க்குள் புகுந்தபின் காலம் தாழ்த்தித் தெளித்திருக்கலாம். ஆனால் கடலோர ஆந்திரத்துப் புழுக்களைச் சோதித்த ஆய்வுகள் இவற்றினும் ஆழமான ஒன்றைக் காட்டின: புழுக்கள் பைரித்ராய்டுகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருந்தன.

எந்தத் தனிப்புழுவும் நஞ்சுக்குப் பழகிக்கொள்வதில்லை. நஞ்சைச் சிதைக்கும் நொதிகளை மிகுதியாகக் கொண்ட சில புழுக்கள் கூட்டத்தில் முன்பே இருக்கும். தெளிப்பு மற்றவற்றைக் கொல்ல, எஞ்சியவை பெருகுகின்றன. புழுவை உண்ணும் நன்மைசெய் பூச்சிகளும் உடன் மடிகின்றன. ஆகவே, கூட்டிய ஒவ்வொரு தெளிப்பும் வலிய புழுவையே தேர்ந்தெடுத்தது. பூச்சிகள் தெளிப்புக்கு எதிர்ப்புத்திறன் பெறக்கூடுமா என்னும் வினாவை அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914-இலேயே எழுப்பியிருந்தார்.

இப்புழுவைத் தெலுங்கு உழவர் அழைக்கும் பெயர் 'சனகபச்ச புருகு'. அதாவது, கொண்டைக்கடலைப் பச்சைப்புழு. பருத்தியை அழித்த பூச்சிக்குப் பயறின் பெயர். கொண்டைக்கடலை, துவரை, தக்காளி எனப் பல பயிர்களில் அது வாழ்கிறது. ஒரு பயிரில் பெற்ற எதிர்ப்புத்திறனை அடுத்த பயிருக்கும் கொண்டுசெல்கிறது. ஒரு வயலில் மட்டும் மருந்தடித்து ஒழிக்கக்கூடிய பூச்சியன்று அது என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

பத்தாண்டுகளுக்குப் பின், 1997-98-இல், வாரங்கல் பருத்தி வயல்களை மற்றொரு புழு சூறையாடியது. தெளிப்புகள் தோற்றன, கடன் பெருகியது, உழவர் தற்கொலைகள் நாட்டை உலுக்கின. அப்புழுவின் தெலுங்குப் பெயர் 'பொகாகு லத்தெ புருகு'. 'பொகாகு' என்பது புகையிலை. இம்முறையும் பருத்தியை அழித்த புழு வேறொரு பயிரின் பெயரையே தாங்கியிருந்தது. கடைகளிலோ, 'மந்து' என்ற சொல்லே தொடர்ந்து விலைபோயிற்று.

லோத்குண்டா, ஹைதராபாத்