பத்தாண்டுக் கெடுவில் பிறந்த வீடுகள்

1944-ஆம் வருஷம் மார்ச் மாதம் 26-ஆம் தேதி, ஐரோப்பாவின் மீது படையெடுப்பதற்கான ஆயத்தங்கள் இரவும் பகலுமாக நடந்துகொண்டிருந்த தருணத்தில், பிரிட்டிஷ் பிரதம மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில் வானொலியில் தம் ஜனங்களுக்கு ஆற்றிய உரையில், யுத்தத்தைப் பற்றிப் பேசியதோடு வீட்டைப் பற்றியும் பேசினார். யுத்தம் முடிந்து திரும்பும் சிப்பாய்களுக்கும், குண்டுவீச்சில் கூரையிழந்த குடும்பங்களுக்கும், யந்திரசாலைகளில் உருவாக்கப்பட்டு விரைவில் நிறுத்தப்படக்கூடிய வீடுகள் ஐந்து லட்சம் வரை கட்டித் தரப்படும் என்பது அந்த உரையில் அவர் அளித்த வாக்குறுதி. அந்த வாக்குறுதியும் அதைத் தொடர்ந்த சட்டமும் உண்மையில் மூன்று உறுதிகளை உள்ளடக்கியிருந்தன: வீடுகள் சீக்கிரம் வரும், சிக்கனமாக வரும், பத்து ஆண்டுகளில் போய்விடும். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்துப்போன விதத்தையும், பொய்த்துப்போன பின்னரும் அந்த வீடுகள் ஜனங்களின் அபிமானத்தைப் பெற்றுவிட்ட காரணத்தையும் ஆராய்வது, வீட்டுப் பஞ்சத்துக்கு யந்திரத்திடம் பரிகாரம் தேடும் எந்தத் தேசத்துக்கும் பிரயோஜனமானது.

வீட்டுப் பஞ்சம் அன்று திடீரென்று தோன்றியதன்று. முதல் உலக மகாயுத்தம் முடிந்ததும், போர்வீரர்களுக்கு உகந்த இல்லங்கள் என்ற கோஷத்தோடு 1919-இல் இயற்றப்பட்ட அடிசன் சட்டம் மூன்று ஆண்டுகளில் ஐந்து லட்சம் வீடுகளை எதிர்பார்த்தது; அதன்கீழ் எழும்பியவையோ சுமார் 2,13,000 மட்டுமே. கொற்றர்களும் செங்கல்லும் போதாமல் போன அந்நாளிலேயே, ஸ்காட்லாந்தின் கப்பல் எஞ்சின் தொழிலதிபரான வெயர் பிரபு, உருக்குத் தகடு வேய்ந்த வீடுகளைத் தம் பட்டறையிலிருந்து அனுப்ப முன்வந்தார். ஆனால் அவற்றை நிறுத்தும் ஆட்களுக்குக் கட்டடத் தொழிலாளருக்குரிய கூலியைத் தராமல் யந்திரத் தொழிலாளருக்குரிய கூலியையே தருவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதால், கட்டடத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தெழ, அந்த முயற்சி பெருகாமல் தேங்கியது. யந்திர வீட்டின் சரித்திரத்தில் கூலித் தகராறு, தொழில்நுட்பத் தகராறுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மகாயுத்தம் அந்தப் பழைய புண்ணைப் பெரும் ரணமாக்கியது. ஆறு ஆண்டுக் காலம் புதிய வீடு கட்டுதல் ஏறத்தாழ நின்றே போயிற்று. யுத்தத்துக்கு முன் பத்து லட்சம் பேர் என்று கணக்கிடப்பட்ட கட்டடத் தொழிலாளர் கூட்டம், யுத்தம் முடியும் தறுவாயில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1944 ஜூன் மாதம் முதல் ஆளில்லாப் பறக்கும் குண்டுகளும், செப்டம்பர் முதல் ராக்கெட்டுகளும் லண்டன் மீது விழத் தொடங்கி, நின்றிருந்த வீடுகளையும் குலைத்தன. இதற்கு நேர்மாறாக, விமானத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான தேர்ந்த கைகளும், அலுமினியத்தை வளைக்கவும் தறையடிக்கவும் பழகிய யந்திரங்களும் யுத்தம் ஓய்ந்ததும் வேலையற்று நிற்கப்போகின்றன என்பது சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. கட்டடத் தொழிலில் ஆள் இல்லை, விமானத் தொழிலில் வேலை இல்லை என்னும் இந்த இரண்டு இல்லாமைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் அந்த வீடுகள் கருக்கொண்டன.

சர் ஜார்ஜ் பர்ட் தலைமையில் 1942-இல் அமைக்கப்பட்ட கமிட்டி புதிய கட்டட முறைகளைப் பரிசீலித்து வந்தது. 1944 மே மாதத்தில், மராமத்து மந்திரியான போர்ட்டல் பிரபுவின் பெயரால் வழங்கிய உருக்கு வீட்டின் மாதிரி, லண்டனில் டேட் சித்திரசாலையின் வளாகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, ஜனங்கள் பார்வையிட்டு அபிப்பிராயம் சொல்ல அழைக்கப்பட்டார்கள். உருக்குத் தட்டுப்பாடு காரணமாக அந்த மாதிரி பெருந்தொகையில் உற்பத்தியாகவே இல்லை. எனினும் அதன் உள்ளேயிருந்த ஓர் அங்கம் பின்னால் வந்த வகைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குச் சென்றது. அடுக்களையையும் குளியலறையையும் ஒரே சுவரின் இருபுறத்திலும் முதுகோடு முதுகாக வைத்து, தண்ணீர்க் குழாய்கள், கொதிகலம், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரத் தொட்டி, அலமாரிகள் ஆகிய அனைத்தையும் அந்தச் சுவரோடு சேர்த்து ஒரே உறுப்பாகத் தொழிற்சாலையிலேயே இணைத்து அனுப்பும் ஏற்பாடு அது. 1951-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படியும் பிரிட்டிஷ் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு நிலைத்த குளியல் தொட்டி கிடையாது என்பதையும், குளிர்சாதனப் பெட்டி செல்வந்தர் வீட்டுப் பொருளாகவே இருந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு சுவருக்குள் அடங்கியிருந்த சமூகப் புரட்சி விளங்கும்.

1944-ஆம் வருஷத்துத் தாற்காலிக வீட்டுச் சட்டம் 15 கோடி பவுன் செலவுக்கு அனுமதி தந்தது. ஆர்க்கான், யூனி-சீக்கோ, டாரன், பீனிக்ஸ் என்று பல வகைகள் பல கம்பெனிகளிலிருந்து புறப்பட்டன. உருக்குச் சட்டத்தின் மேல் கல்நார் சிமெண்டுத் தகடு வேய்ந்தவை சில, மரச்சட்டம் கொண்டவை சில, கான்கிரீட் பலகைகளாலானவை சில. குத்தகைக் கடன் ஒப்பந்தத்தின்கீழ் அமெரிக்காவிலிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் வீடுகளும் கப்பலேறி வந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி, பரப்பளவு 635 சதுர அடிக்குக் குறையலாகாது, இரண்டு படுக்கையறைகள் இருக்க வேண்டும் என்பது.

இவற்றுள் மிகப் பெருந்தொகையானதும், யந்திரயுகத்தின் இலட்சணம் முழுமையாகப் பொருந்தியதும், விமானத் தொழிலார் கூடி வகுத்த ஏரோ என்னும் அலுமினிய வீடே. சுமார் 54,500 வீடுகள் இந்த வகையில் உற்பத்தியாயின. வெல்லிங்டன், லங்காஸ்டர் என்னும் குண்டுவீச்சு விமானங்களைச் செய்துகொண்டிருந்த பிராட்டன் தொழிற்சாலையும், வெஸ்டன்-சூப்பர்-மேர், பிளாக்பூல், குளோஸ்டர், டம்பார்ட்டன் முதலிய ஊர்களின் விமானப் பட்டறைகளும் இந்த வேலையை மேற்கொண்டன. வீடு முழுவதும் நெடுக்குவாட்டில் நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் சுவர், தரை, கூரை, மின்கம்பி, குழாய், வர்ணப்பூச்சு யாவும் நிறைவுற்று ஒரு லாரியின் அகலத்துக்கு அளவாக வெளிவரும். நான்கு லாரிகளில் ஒரு வீடு ஊர்வலமாகச் சென்று, ஏற்கெனவே போட்டிருக்கும் அஸ்திவாரத்தின்மேல் இறங்கி ஒன்றோடொன்று பூட்டப்படும். நான்கு துண்டுகளும் மனைக்கு வந்து சேர்ந்துவிட்டால், அவற்றைப் பொருத்தி முடிப்பது சில மணி நேரத்து வேலை.

ஆனால், ஏற்கெனவே போட்டிருக்கும் அஸ்திவாரம் என்று எளிதாகச் சொல்லிவிட்டோமே, அங்கேதான் விரைவு என்னும் முதல் உறுதி தடுக்கி விழுந்தது. நிலத்தையும், பாதையையும், சாக்கடையையும், நீர்க்குழாயையும் எந்தத் தொழிற்சாலையும் வார்த்து அனுப்ப முடியாது. நகரசபைகள் இடிபாடுகளை அகற்றியும், பூங்காக்களின் ஓரங்களைக் கொடுத்தும், சில இடங்களில் ஜெர்மானிய, இத்தாலிய யுத்தக் கைதிகளைக் கொண்டு தரை சமன் செய்தும் மனைகளைத் தயாரிக்க வேண்டியிருந்தது. 1945 முடிவதற்குள் குடியேறத் தயாரானவை சொற்பமே. பொறுமையிழந்த குடும்பங்கள் 1946-ஆம் வருஷக் கோடையில் காலியான ராணுவ முகாம்களின் தகரக் கொட்டகைகளில் தாமாகவே புகுந்து கொண்டன; அப்படிப் புகுந்தவர்களின் தொகை 40,000-க்கும் மேல். திட்டம் 1949-இல் முடிவுற்றபோது கணக்கில் நின்ற வீடுகள் 1,56,623. சர்ச்சில் சொன்ன ஐந்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

சிக்கனம் என்னும் இரண்டாவது உறுதி இன்னும் பரிதாபமாகக் கழிந்தது. அலுமினிய வீடு ஒன்றுக்கு இறுதியில் ஏறத்தாழ 1,600 பவுன் ஆயிற்று. நூறு வருஷம் நிற்கக்கூடிய, இதனினும் விசாலமான செங்கல் வீட்டின் விலையை அது எட்டியும் மிஞ்சியும் நின்றது. மொத்தச் செலவு 20 கோடி பவுனைத் தாண்டியது. இதன் காரணம் யந்திரத்தின் குறையன்று. அச்சுகளுக்கும் வார்ப்புகளுக்கும் முதலில் கொட்டும் பெருந்தொகை, வருஷக்கணக்காக ஓயாமல் வரும் தேவையின்மேல் பரவும்போதுதான் ஒவ்வொரு வீட்டின் விலையும் இறங்கும்; பத்து ஆண்டில் பிரித்துவிடப்போகும் வீட்டுக்கு, மூன்று நான்கு ஆண்டுகளில் மூடிவிடப்போகும் திட்டத்துக்கு, அத்தகைய தேவை எங்கிருந்து வரும்? அவசர காலத்துக்கென்று தொழிற்சாலையைத் திறப்பவர்கள் அவசரத்துக்குரிய விலையைக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது.

இந்த விதி பிரிட்டனுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் கொலம்பஸ் நகரத்து விமானத் தொழிற்சாலை ஒன்றில், கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்பவர் எனாமல் பூசிய உருக்கு வீடுகளை லஸ்ட்ரான் என்ற பெயரில் செய்யத் தொடங்கி, சர்க்காரிடம் 3 கோடியே 75 லட்சம் டாலர் கடன் பெற்றும், சுமார் 2,500 வீடுகளோடு 1950-இல் திவாலானார். நம் தேசத்திலும், பிரிவினையால் வீடிழந்து டில்லியை அடைந்த அகதிகளுக்காக, மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய ஜெர்மானியர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரின் யோசனைப்படி, ஜங்புராவில் சர்க்கார் வீட்டுத் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. அங்கே வார்த்த கான்கிரீட் பலகைகள் விரிசல் கண்டன. பார்லிமெண்டில் கண்டனம் எழுந்தது. 1951-இல் கோனிக்ஸ்பெர்கர் இந்தியாவை விட்டு லண்டனுக்குச் சென்றார். ஹிந்துஸ்தான் ஹவுசிங் பாக்டரி என்று பெயர் மாறிய அந்தத் தொழிற்சாலை, வேறு கான்கிரீட் சாமான்களைச் செய்து பிழைக்கலாயிற்று.

மூன்றாவது உறுதியாகிய தாற்காலிகம் பொய்த்ததில்தான் இந்தச் சரித்திரத்தின் சுவை இருக்கிறது. 1945-இல் வீட்டு விவகாரத்தின் பொறுப்பை ஏற்ற மந்திரி அனூரின் பெவன், இவற்றை முயல்கூடுகள் என்று இகழ்ந்ததாகச் சொல்வார்கள். உழைப்பாளி ஜனங்களுக்கு 900 சதுர அடியில் ஸ்திரமான செங்கல் வீடுகளே தகும் என்பது அவருடைய சித்தாந்தம். கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைக் காரியம் ஆனதும் பிரித்துவிடுவதுபோல் இவற்றைப் பிரித்துவிடலாம் என்று அதிகாரிகள் எண்ணியிருந்தார்கள். உள்ளே குடியேறியவர்களோ, பெரும்பாலும் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டின் ஒற்றையறையில் ஒண்டிக் கிடந்த இளந்தம்பதிகள்; நான்கு புறமும் காற்றோட்டம், முன்னும் பின்னும் தோட்டம், திருகினால் வெந்நீர், வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்று அவர்களுக்குக் கிடைத்ததை, பத்து வருஷம் ஆயிற்று என்பதற்காக விட்டுக்கொடுக்க எவருக்கு மனம் வரும்? பிற்காலத்தில் தொழிற் கட்சித் தலைவரான நீல் கின்னக், வேல்ஸ் நாட்டில் இப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவர். அங்கிருந்த குளிர்சாதனப் பெட்டியையும் குளியலறையையும் உறவினர் வந்து பார்த்து வியந்து சென்றதை அவர் நினைவு கூர்ந்திருக்கிறார். குறைகள் இல்லாமலில்லை: குளிர்காலத்தில் மெல்லிய சுவர்களின் உட்புறம் நீர் வியர்த்து வழிந்தது, தட்டைக் கூரைகள் ஒழுகின, கல்நார்த் தகடுகளின் அபாயம் பின்னரே புலப்பட்டது. ஆயினும் கெடு முடிந்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளான பின்னும் அவற்றில் பல ஆயிரம் வீடுகளில் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

இதே யந்திர முறை, வீட்டுக்குள் வாழ்பவரின் வசதியில் காட்டிய அக்கறையைத் துறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் பற்றிக்கொண்டபோது என்ன விளைந்தது என்பதற்கும் பிரிட்டனே சாட்சி. 1956 முதல் மாடிகள் உயர உயர மானியமும் உயரும் என்று சட்டமாக, கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்து அடுக்கும் அந்நிய முறைகள் நகரந்தோறும் புகுந்தன. கிழக்கு லண்டனில் டென்மார்க் தேசத்து லார்சன்-நீல்சன் முறைப்படி எழுப்பிய ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கோபுரத்தில், ஜனங்கள் குடியேறிச் சுமார் இரண்டு மாதத்தில், 1968 மே 16-ஆம் தேதி விடியற்காலையில் 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது, தாங்கு சுவர் விலகியதும், ஒன்றையொன்று உறுதியாகப் பிணைக்காத பலகைகள் சீட்டுக்கட்டாகச் சரிந்து ஒரு மூலை முழுவதும் தரைமட்டமாயிற்று, நால்வர் மாண்டார்கள். 1986-இல் கோபுரத்தைப் பிரித்தபோது, சிமெண்டுக் கலவை நிறைய வேண்டிய இணைப்புகளில் பழைய பத்திரிகைக் காகிதம் திணிக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ஸ்திரமானது என்று சொல்லிக் கட்டியது பதினெட்டு ஆண்டில் அழிந்தது. தாற்காலிகம் என்று சொல்லி நிறுத்தியவற்றில் சில அப்பொழுதும் குடித்தனத்தோடு நின்றுகொண்டிருந்தன.

தெற்கு லண்டனின் காட்போர்டில் யுத்தக் கைதிகள் துணைகொண்டு அமைந்த எக்ஸ்காலிபர் குடியிருப்பின் 187 வீடுகள் அத்தகையவை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அவற்றில் ஆறு 2009-இல் அறிவிக்கப்பட்டன. எஞ்சியவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்று அடுத்த ஆண்டு குடியிருப்போரிடமே வாக்குக் கேட்டபோது, இடிப்பதற்கு ஆதரவாகக் கிடைத்தது சிறு பெரும்பான்மையே. அறுபத்தைந்து வயதான பத்தாண்டு வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று கிட்டத்தட்ட பாதிப்பேர் வாதிட்டார்கள் என்பதைவிட அந்த வீடுகளுக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் தேவையில்லை.

இன்று மறுபடியும் பல தேசங்களில், யந்திரசாலையில் அறையறையாகச் செய்த வீடுகளை லாரியில் ஏற்றிச் சென்று அடுக்கிவிட்டால் வீட்டுப் பஞ்சம் தீரும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அப்படிப் பேசுவோர் முதலில் வாரத்துக்கு எத்தனை வீடுகள் என்று கணக்கிடுகிறார்கள். 1944-இலும் கணக்கு அங்கேதான் தொடங்கியது. அந்தக் கணக்கு தவறிற்று. தவறாமல் பலித்தது, பர்ட் கமிட்டியின் காலத்தில் பொறுமையுள்ள சில நிபுணர்கள், ஓர் இல்லத்தரசி அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே நாள்தோறும் எத்தனை அடி நடக்கிறாள் என்று யோசித்து வகுத்த அந்த அடுக்களைச் சுவர். யந்திரம் தன்னிடம் கொடுத்த புத்தியையே திருப்பித் தரும். ஆகையால், தொழிற்சாலையின் கதவைத் திறப்பதற்கு முன் வீட்டுக்குள் எதை வைக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். மனை, சாக்கடை, தொடர்ந்து வரும் தேவை என்னும் மூன்றையும் சர்க்கார் ஏற்றுக்கொண்டாலன்றி விரைவும் சிக்கனமும் வாரா. இவற்றை ஏற்காமல் எண்ணிக்கையை மட்டும் பிரகடனம் செய்யும் தேசம், பிரிட்டன் செலுத்திய விலையை மறுபடியும் செலுத்தும்.