இது நம்ம காடு

அந்தக் கேசட்டின் மேல் பெயர் எதுவும் இல்லை. யாரோ நீல மையில் ‘காட்டு மனுசன், பெரியவங்க மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். 1985ஆம் ஆண்டு. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசினுக்கும் ஆசகானுக்கும் நடுவில் எங்கள் ரப்பர்த் தோட்டம். சம்பளம் போட்ட சனிக்கிழமைகளில் லயத்துக் கடைசி வீட்டு அண்ணன் மலாக்கா டவுனிலிருந்து வீடியோப் பெட்டியை வாடகைக்கு எடுத்து வருவார். ஆளுக்கு ஐம்பது காசு. முதலில் எம்.ஜி.ஆர். படம், அடுத்தது ரஜினி படம். பிள்ளைகள் பாயிலேயே சுருண்டு தூங்கிய பிறகு மூன்றாவது கேசட்.

மூன்றாவது கேசட்டுக்கு மட்டும் வாசற்கதவைச் சாத்துவார்கள். சாத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என் தாத்தா எழுந்து, முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த மாதிரிப் படம் பார்க்கக் கூச்சப்படுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

படத்தில் ஒரு சின்ன விமானம் காட்டுக்கு நடுவே புல்தரையில் இறங்கிச் சேதமாகிறது. எண்ணெய் தேடி வந்த வெள்ளைக்காரர்கள். பிலிப்பைன்சின் மிண்டானாவ் தீவில் நடந்த உண்மைச் சம்பவம் என்று படமே சொல்லிக்கொள்கிறது. அப்புறம் சேறு, பிரம்புப் புதர், ஆற்றங்கரை, நரமாமிசம் தின்னும் கூட்டம். சுவரில் சாய்ந்திருந்த என் மாமா பகாங்கில் பல வருசம் பாலாக் (மரக்கட்டை) லாரி ஓட்டியவர். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, “இது நம்ம காடுடா” என்றார். “பேசாம பாரு மாமா” என்று நாலு பேர் அதட்டினார்கள். அவர் விடவில்லை. மரத்தையும் பிரம்பையும் தண்ணீரின் நிறத்தையும் காட்டிக்காட்டிச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

மாமா சொன்னது சரி. அது ருஜ்ஜெரோ தியோதாத்தோ என்ற இத்தாலிய இயக்குநர் 1977இல் வெளியிட்ட படம். ‘கடைசி நரமாமிச உலகம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். படம் பிடித்தது மலேசியக் காட்டில்தான். இதை நான் தெரிந்துகொண்டபோது மாமா உயிரோடு இல்லை. அன்றைக்கு அந்த அறையில் அவர் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் மலாக்காவுக்குப் பயம் சினிமாவோடு வந்ததல்ல. 1807இல் ஆங்கிலேயர் பழைய போர்த்துக்கீசியக் கோட்டையை இடித்தபோது, கல்லுக்குள் பேய் இருக்கிறது என்று ஊரே நடுங்கியதை முன்ஷி அப்துல்லா எழுதிவைத்திருக்கிறார். நாகூர்த் தமிழ்ப் பெண்ணை மணந்த ஏமன் நாட்டு அரபியின் வழிவந்தவர் அவர். மலாக்காவில் 1796இல் பிறந்தவர். கட்டடம் நிற்க மனிதத் தலை வேண்டும் என்ற வதந்தியும் இந்த மண்ணில் பழசு. சிங்கப்பூரில் 1850களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எழுந்த காலத்தில், அதற்காகத் தலை எடுக்கிறார்கள் என்று மக்கள் இருட்டிய பிறகு வெளியே வரவே அஞ்சினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நூறு வருசம் கழித்தும் அந்த வதந்தி சாகவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் போடுகிறார்கள் என்றால் அம்மா எங்களைப் பள்ளிக்குத் தனியாக அனுப்ப மாட்டார். “தலைவெட்டி வந்திருக்கான், கூட்டமாப் போங்க” என்பார்.

இந்தப் பயங்களெல்லாம் சூழ்ந்த மண்ணில்தான் எங்கள் ஆட்கள் காட்டை அழித்துக் கித்தா (ரப்பர்) மரம் நட்டார்கள். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டமே எழுந்தது. பிறகு கங்காணிகள் கூட்டிவந்த தமிழ்க் குடும்பங்கள். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் ஒற்றையாக நின்று பால் வெட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு சருகு நொறுங்கினாலும் மனசு பதறும். பாம்பா, பன்றியா, புலியா என்று திரும்பிப் பார்த்தால் வெட்டு தப்பும், மரம் காயப்படும், கிராணி திட்டுவார். என் அம்மா அப்படித்தான் முப்பது வருசம் பயப்பட்டார். அது தனியாகப் படும் பயம். படம் பார்க்கும் இரவில் கிடைத்தது இருபது பேர் தோளோடு தோள் ஒட்டிப் படும் பயம். பயந்து முடித்ததும் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார், எல்லாரும் சிரிப்போம். பேய்ப்படத்துக்கு எங்கள் தோட்டத்தில் இருந்த ஈர்ப்பைப் பற்றி யார் என்ன விளக்கம் சொன்னாலும், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வீடியோவுக்கு முன்னால் திடல். இரண்டு கம்பம், நடுவில் வெள்ளைத் துணி. 1946இல் தொடங்கிய மலாயா ஃபிலிம் யூனிட்டின் படங்களைத் தகவல் இலாகா வேன்கள் தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோய்க் காட்டின. 1948இல் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் வந்த பிறகு, காட்டுக்குள் இருக்கிறவனுக்கு அரிசி கொடுக்காதே என்று சொல்லும் படங்களும் வந்தன. சில மாதங்களில் தோட்ட நிர்வாகமே தமிழ்ப் படம் வரவழைக்கும். கச்சாங் பூத்தே விற்கும் தாத்தா தள்ளுவண்டியோடு வந்துவிடுவார். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்காருவார்கள். அங்கே எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், சிவாஜி இடது கையால் வாள் வீசுவார். என் தாத்தா எப்போதும் பின்பக்கம்தான். காட்டை ஒட்டிய ஓரத்தில், எழுந்து போக வழி இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருவார்.

1957இல் வந்த ‘பொந்தியானாக்’ படத்தைப் பற்றி அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். கேத்தே கெரிஸ் கம்பெனி எடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ் இயக்கினார்; மரியா மெனாடோ பொந்தியானாக். மலாய் நம்பிக்கைப்படி பொந்தியானாக் என்பவள் பிரசவத்தில் செத்து நீண்ட கூந்தலோடு திரும்பி வருபவள், பிடரியில் ஆணி அடித்தால் அடங்குவாள். மொழி மலாய். லயத்துப் பெண்களுக்கு மொழி ஒரு தடையே இல்லை. மருத்துவச்சி வந்து சேருவதற்குள் பிரசவத்தில் போன பெண்களை அவர்களுக்குப் பேர் சொல்லித் தெரியும். படம் பார்த்த பிறகு பல மாதம் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு யாரும் போகவில்லையாம். அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைக்கவில்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் சுருளை ஓர் ஈயக்குட்டையில் எறிந்துவிட்டார் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே பார்த்த பேய்ப்படம் அது. தொலைந்துபோனதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு.

இத்தாலியப் படங்கள் வேறு வழியில் வந்தவை. 1962இல் ‘மொண்டோ கானே’ என்ற படம், உலகத்தின் விசித்திரப் பழக்கங்களைக் காட்டுகிறேன் என்று வந்து காசு பார்த்தது. நிஜத்தையும் ஜோடனையையும் கலந்து, எல்லாம் உண்மை என்று அடித்துச் சொல்லும் வித்தை அதிலிருந்து பரவியது. 1972இல் உம்பெர்த்தோ லென்சி தாய்லாந்துக் காட்டில் ஒரு படம் எடுத்தார். அங்கிருந்து இந்த நரமாமிச வரிசை தொடங்குகிறது. 1977இல் வெளிவந்த படத்துக்காகத் தியோதாத்தோ எங்கள் காட்டுக்கு வந்தார். 1978இல் செர்ஜியோ மார்த்தினோ, நடிகை ஊர்சுலா ஆண்ட்ரெஸை வைத்து இலங்கைக் காட்டில் எடுத்தார். கதைப்படி அது நியூகினி. 1980இல் லென்சியும் அதே இலங்கைக் காட்டையே நியூகினியாகக் காட்டினார். அதே வருசம் தியோதாத்தோவின் ‘கன்னிபால் ஹோலோகாஸ்ட்’ வந்தது. அது அமேசானில் எடுத்த படம். காணாமல்போன படக்குழு விட்டுச்சென்ற சுருள்கள் என்ற பாவனையில் எடுத்திருந்ததால், நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்ற சந்தேகம் கிளம்பியது. மிலான் நகரில் படத்தைப் பறிமுதல் செய்தார்கள். நடிகர்களை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தித்தான் அவர் கொலைப் பழியிலிருந்து தப்பினார்.

மனிதர்கள் யாரும் சாகவில்லை. விலங்குகள் செத்தன. எங்கள் அறையில் ஓடிய படத்தில் ஒரு முதலையை அறுக்கும் காட்சி வந்தது. அதுவரை சிவப்புச் சாயத்தைப் பார்த்து ‘ச்சீ’ என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். உடும்பு பிடிப்பதில் பேர்போன ஒரு பெரியவர், “இது நடிப்பு இல்ல. நெசமாவே துடிக்குது” என்று மெதுவாகச் சொன்னார். தோல் உரித்துப் பழகிய கைக்குத் தெரிந்துவிடுகிறது. இந்தப் படங்களின் சூட்சுமமே அதுதான். நடுவில் ஒரே ஒரு நிஜச் சாவை வைத்துவிட்டால், அதன் பிறகு வரும் பொய்ச் சாவுகளையும் கண் நம்பிவிடும். அன்று இரண்டு அத்தைமார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் அவர்களும் வந்தார்கள். ஆனால் அந்தக் கேசட் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பாய் விரித்தார்கள். அவர்கள் செய்தது சரி. ஒரு உயிரைக் கேமராவுக்காக மெல்லக் கொல்வதை எந்தக் கலையின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் வேறு. நரமாமிசக் கூட்டம் என்று அந்தப் படம் காட்டியது காட்டு மனிதர்களை. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால், குனோங் லேடாங் மலை அடிவாரத்துப் பக்கம் தெமுவான் பழங்குடிக் குடும்பங்கள் இருந்தன; அசலி ஆட்கள் என்போம். பெட்டாயும் தேனும் பிரம்பும் கொண்டுவருவார்கள், உப்பும் சீனியும் வாங்கிப்போவார்கள். என் அக்காவுக்கு அம்மை கண்டபோது வேர் கொண்டுவந்து கொடுத்த பாட்டி அவர்களில் ஒருத்தி. அன்று படம் முடிந்ததும் ஒரு பையன், “நம்ம அசலி ஆளுங்க மாதிரியே இருக்காங்கல்ல” என்றான். அந்த வார்த்தைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

நிஜத்தில் மலாயாக் காட்டில் தலை வெட்டப்பட்டதற்குப் படச் சான்று உண்டு. 1952 ஏப்ரலில் லண்டனின் ‘டெய்லி ஒர்க்கர்’ பத்திரிகை ஒரு புகைப்படத்தை வெளியிட்டது. பிரிட்டிஷ் மரைன் சிப்பாய் ஒருவர் வெட்டப்பட்ட கெரில்லாப் போராளியின் தலையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். போலிப் படம் என்ற பேச்சு எழுந்தது. பிறகு காலனி அமைச்சரே நாடாளுமன்றத்தில் அது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அடையாளம் பார்ப்பதற்காகத் தலையை மட்டும் காட்டிலிருந்து கொண்டுவந்தோம் என்று காரணம் சொன்னார்கள். வழி பார்க்கச் சரவாக்கிலிருந்து கூட்டிவந்த இபான்களைத் தலைவேட்டைக்காரர்கள் என்று உலகம் பேசியது. படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர் மரைன்.

இன்னொரு காடு சயாம் காடு. 1942, 43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் போனார்கள்; பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காலரா, மலேரியா, காலில் புண், பட்டினி. பதினைந்தே வருசத்தில், 1957இல், டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ எடுத்தார். ஏழு ஆஸ்கர். அதையும் இலங்கையில்தான், கித்துல்கலையில் எடுத்தார்கள். அதில் ஆங்கிலேயக் கைதிகளின் கதை இருக்கிறது. தோட்டத்துத் தமிழனின் கதை இல்லை.

ஆள் பிடிக்க ஜப்பானியர் பல வழி வைத்திருந்தார்கள். பெரட்டில் பேர் வாசித்து லாரி ஏற்றுவது ஒன்று. மூன்றே மாதம், நல்ல சம்பளம் என்று ஆசை காட்டுவது இன்னொன்று. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, திடமான ஆண்களை அப்படியே ரயிலடிக்குக் கொண்டுபோனதும் நடந்திருக்கிறது.

தாத்தா போனது அப்படித்தான். இதை எனக்குச் சொன்னவர் பாட்டி, தாத்தா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவில். 1943இல் அவருக்கு இருபத்திரண்டு வயது. டவுனில் படம் காட்டுகிறார்கள் என்று கூட்டாளிகள் ஐந்து பேரோடு போனார். விளக்கை அணைத்தார்கள், கதவைச் சாத்திய சத்தம் கேட்டது, படம் ஓடவில்லை. ஆறு பேரில் திரும்பி வந்தவர் அவர் ஒருவர். அதற்குப் பிறகு சாகும்வரை மலாக்கா டவுனில் எந்தக் கொட்டகைக்குள்ளும் கால் வைத்ததில்லை. திடலில் மட்டும் பார்ப்பார், அதுவும் ஓரத்தில் உட்கார்ந்து.

அந்த 1985ஆம் வருசத்து இரவு, கேசட் முடிந்ததும் நான்தான் முதலில் எழுந்து கதவைத் திறந்தேன். மணி இரண்டு இருக்கும். தாத்தா கித்தா மரங்களைப் பார்த்தபடி முக்காலியில் விழித்துக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“எல்லாரும் இருக்கீங்களா ஆயி?” என்று கேட்டார்.

“இருக்கோம் தாத்தா.”

முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தார்.